போர்க்களம் நம் இதயமே
(ஆன்மப் போரின் வரலாற்றிலிருந்து சில ஏடுகள்)



ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பு இரவில், கையில் எரியும் மெழுகுதிரியுடன் நாம் எழுந்து நிற்கிறோம். பசாசையும் அதன் செயல்களையும் அதன் ஆடம்பரங்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று குருவானவர் கேட்கிறார். விட்டுவிடுகிறோம் என்று கோவில் முழுவதும் ஒரே குரலாய் விடையளிக்கிறது. நாம் கைக்குழந்தையாய் இருந்தபோது ஞானத் தாய் தந்தையர் நமக்காகச் சொன்ன அதே வாக்கை, நாமே நம் வாயால் மீண்டும் சொல்லும் நேரம் அது.

யூபிலி ஆண்டு என்பது எழுப்பிய சுவர்களையும் உயர்த்திய கோபுரத்தையும் எண்ணி மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. கொடுத்த வாக்கை நினைத்துப் பார்ப்பதற்கும் உரியதாகும். விட்டுவிட்டோம் என்று நாம் சொல்லும் அந்தப் பசாசு எங்கே நம்மை எதிர்க்கிறது? எதைக் கொண்டு அதை எதிர்த்து நிற்பது? நம் முன்னோர்களான புனிதர்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் வாழ்வாலேயே விடை கண்டார்கள். அவர்களுடைய வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை தெளிவாகும். போர்க்களம் மனிதனின் இதயமே. இதை உணர்ந்தவர்கள் வென்றார்கள். இதை மறந்து பகைவனை அடுத்த வீட்டில் தேடியவர்கள், பசாசுக்கே பணிவிடை செய்தார்கள்.

ஆண்டவர் காட்டிய வழி

யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றதும் நம் ஆண்டவர் பாலைவனத்திற்குச் சென்றார். 40 நாள் நோன்பிருந்தார். அங்கே சோதிப்பவன் வந்து காட்டியவை மூன்று: பசிக்கு அப்பம், ஊரார் வியக்கும் புகழ், உலகை ஆளும் அதிகாரம். மூன்றும் மனித இதயம் ஏங்கும் பொருள்களே. ஆண்டவரோ பெரிய அதிசயம் எதையும் செய்து அவனை விரட்டவில்லை. மூன்று முறையும் மறைநூல் வாக்கைக் கொண்டே பதிலுரைத்தார். அம்மூன்று வாக்குகளும் உபாகமம் என்னும் ஒரே நூலில் உள்ளவை. ஒவ்வொரு யூதச் சிறுவனும் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நூல் அது. குழந்தைப் பருவத்தில் கற்ற மறைக்கல்வியே சோதனை வேளையில் கைகொடுத்தது எனலாம்.

பின்னர் சிறையிலிருந்து எபேசு நகரத்தாருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், புனித சின்னப்பர் ஒரு போர்வீரனின் முழு உடையை நம் கண்முன் நிறுத்துகிறார். உண்மை இடைக்கச்சையாகிறது, நீதி மார்புக் கவசமாகிறது, சமாதான நற்செய்தி மிதியடியாகிறது, விசுவாசம் கேடயமாகிறது, மீட்பு தலைச்சீராவாகிறது, இறைவார்த்தை வாளாகிறது. இந்த ஆறில் ஐந்து நம்மைக் காப்பவை. தாக்கும் கருவி ஒன்றே ஒன்று. நம் போராட்டம் மனிதர்களுக்கு எதிரானது அல்ல என்பதையும் அவர் அங்கேயே தெளிவாக்குகிறார். தம்மைச் சிறையில் அடைத்த மனிதரைக்கூட அவர் பகைவர் பட்டியலில் சேர்க்கவில்லை!

வனத்து அந்தோனியார்

நம் மக்கள் அந்தோனியார் என்றவுடன் குழந்தை இயேசுவை ஏந்திய பதுவை நகர் புனிதரையே நினைப்பார்கள். அவருடைய திருநாள் ஜூன் 13. ஆனால் அவருக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர் இன்னொருவர். போர்த்துகல் நாட்டில் 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த பெர்னாந்து என்னும் இளம் துறவி, தாம் சேர்ந்த சிறு மடத்தின் பாதுகாவலருடைய பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அந்தப் பாதுகாவலரே எகிப்து நாட்டின் வனத்து அந்தோனியார். இவருடைய திருநாள் ஜனவரி 17.

ஏறத்தாழ கி.பி. 251இல் வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் இவர். 20 வயதை எட்டும் முன்போ எட்டியபோதோ பெற்றோர் இறந்தனர். ஒரு தங்கையும் நிலபுலன்களும் இவர் பொறுப்பில் விடப்பட்டனர். ஒருநாள் கோவிலில், இருப்பதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு ஆண்டவர் செல்வந்த இளைஞனுக்குச் சொன்ன நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. அது தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார் அந்தோனியார். நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்றவற்றை விற்று ஏழைகளுக்கு ஈந்தார். தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்தார். தாம் ஊருக்கு வெளியே தங்கி, கைத்தொழில் செய்து உண்டு, செபத்தில் ஈடுபட்டார்.

அலெக்சாந்திரியா ஆயர் புனித அத்தனாசியார் இவருடைய வரலாற்றை எழுதியுள்ளார். பசாசு முதன்முதலில் எந்த உருவில் வந்ததாம்? கொம்பும் வாலும் கொண்டு வரவில்லை; நினைவுகளாக வந்தது. விட்டுவந்த சொத்தின் நினைவு, தங்கையைப் பற்றிய கவலை, பணத்தின் மேலும் புகழின் மேலும் ஆசை, சுவையான உணவின் ஏக்கம், இத்தனை கடினமான வாழ்வு உடலுக்குத் தாங்குமா என்ற அச்சம்! இவற்றை நம்மில் யார்தான் அறியோம்?

பின்னர் கல்லறைக் குகை ஒன்றில் தங்கியிருந்தபோது, கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி நினைவிழந்து கிடந்தார். நண்பர் ஒருவர் அவரைத் தூக்கிவந்து ஊர்க் கோவிலில் கிடத்தினார். நள்ளிரவில் கண்விழித்த அந்தோனியார், என்னை மறுபடி அங்கேயே கொண்டுபோய் விடு என்று கேட்டுக்கொண்டார்! மீண்டும் போராட்டம். முடிவில் மேலிருந்து ஒளி வந்தது. ஆண்டவரே, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர் என்று அவர் வருந்திக் கேட்க, ஆண்டவர் தாம் அங்கேயே இருந்து அவருடைய போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக உணர்த்தினார். நோயிலும் கடனிலும் குடும்பத் துயரிலும் கடவுள் கைவிட்டுவிட்டாரோ என்று அழுதிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆறுதல் தரும் நிகழ்ச்சி இதுவன்றோ!

35 வயதளவில் நைல் நதிக்கு அப்பால் பாழடைந்த கோட்டை ஒன்றில் புகுந்து, சுமார் 20 ஆண்டுகள் தனிமையில் வாழ்ந்தார். வெளியே வந்தபோது மக்கள் ஆவலோடு பார்த்தார்கள். பித்துப் பிடித்தவரையோ எலும்பும் தோலுமான உருவத்தையோ அவர்கள் காணவில்லை. உடல் நலத்தோடும் உள்ளம் அமைதியோடும் இருக்க, நோயாளிகளுக்கு ஆறுதல் கூறி, சண்டையிட்டவர்களைச் சமாதானப்படுத்தும் ஒரு நல்ல மனிதரைக் கண்டார்கள். ஆன்மப் போரில் வென்றதற்கு இதுவே அடையாளம்.

அவர் தம் சீடர்களுக்குக் கற்பித்தவற்றுள் மூன்றை நாம் மனத்தில் பதிக்க வேண்டும். முதலாவது, ஆண்டவரின் வருகைக்குப் பின் பசாசு வலுவிழந்தது. கிறிஸ்தவன் அதற்கு அஞ்சத் தேவையில்லை. இரண்டாவது, நல்ல ஆவி தொடக்கத்தில் திகைப்பூட்டினாலும் பின் அமைதியும் மகிழ்ச்சியும் தரும். கெட்ட ஆவியோ குழப்பமும் பயமும் வெறுப்பும் தரும். மூன்றாவது, அன்றாடச் செயல்களையும் நினைவுகளையும் பிறரிடம் அறிவிக்கப்போவதுபோல் எழுதிவைத்துப் பாருங்கள்; பாவம் வெளிச்சத்திற்கு வெட்கப்படும். பேயோட்டும் வரம் பெற்றவர்கள் அதைக்கொண்டு பெருமை பேசலாகாது என்றும், வருங்காலத்தை அறியும் ஆவல் வேண்டாமென்றும் எச்சரித்தார்.

கி.பி. 311இல் வேதகலாபனை மூண்டபோது இவர் தம் குகையில் ஒளிந்திருக்கவில்லை. அலெக்சாந்திரியாவுக்கு வந்து, சிறையிலும் சுரங்கத்திலும் வதைபட்ட விசுவாசிகளுக்குப் பணிபுரிந்தார். 356இல், 105 வயதில் இறைவனடி சேர்ந்ததாக மரபு. தம் உடலைப் புதைத்த இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லிச் சென்றார். 386இல் மிலான் நகரில் இவருடைய கதையைக் கேட்ட அகுஸ்தினார் என்னும் பேராசிரியரின் உள்ளம் கலங்கியது. அவருடைய மனமாற்றத்திற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

இவருடைய சுரூபத்தின் காலடியில் பன்றி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பசாசின் உருவம் என்பர். வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. 1095ஐ ஒட்டிய காலத்தில் பிரான்சு நாட்டில் இவர் பெயரால் ஒரு மருத்துவச் சபை தோன்றிற்று. கைகால்கள் எரிந்து கருகி விழும் கொடிய நோய் ஒன்று அப்போது பரவியிருந்தது. அந்தோனியார் நெருப்பு என்றே அதற்குப் பெயர். இச்சபைச் சகோதரர்கள் நோயாளிகளை வீட்டுக்குள் எடுத்து, நல்ல ரொட்டியும் இறைச்சியும் மருந்தும் கொடுத்துப் பேணினார்கள். அதற்காகவே பன்றி வளர்த்தார்கள். கம்பு போன்ற ஒருவகைத் தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையே நோய்க்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. காரணம் தெரியாத காலத்திலும் அவர்கள் யார் மேலும் பழி போடவில்லை. செபித்தார்கள், சோறிட்டார்கள், புண்ணைக் கழுவினார்கள்.

பகைவனுக்குப் பெயர் வைத்தவர்கள்

வனத்தில் வாழ்ந்த துறவியருள் 399இல் மறைந்த எவாகிரியுஸ் என்பவர், மனிதனை வீழ்த்தும் கெட்ட நினைவுகளை எட்டாக வகுத்தார். அவற்றை எகிப்தில் கற்ற காசியான், 415ஐ ஒட்டி மர்சேய் நகரில் மடங்களை நிறுவி மேற்குத் திருச்சபைக்குக் கற்பித்தார். 590 முதல் 604 வரை திருத்தந்தையாயிருந்த பெரிய கிரகோரியார் அவற்றை ஏழாக ஒழுங்குபடுத்தினார். நம் பாட்டிமார் குறிப்பிடத்தில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் இவ்வழியில் வந்தவையே: ஆங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல்.

பெயர் தெரியாத பகைவனை எதிர்ப்பது கடினம். அண்ணன் தம்பி வீட்டுப் பாகப்பிரிவினையில் நமக்குள் எழுவது நியாய உணர்ச்சியா, உலோபித்தனமா? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் நம் முகம் சுருங்குவது ஏன்? அதன் பெயர் காய்மகாரம். பெயரை அறிந்தால் எதிர்ப்புண்ணியத்தையும் அறியலாம். தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு என்று அதே குறிப்பிடம் மருந்தையும் கையோடு கொடுத்திருக்கிறது.

இப்படையில் அடுத்துத் தோன்றியவர் உண்மையிலேயே போர்வீரராயிருந்த புனித இஞ்ஞாசியார். 1521 மே 20ஆம் நாள் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வீரப் புகழைப் பற்றிய கனவுகள் அப்போது இனித்தாலும் பின்னர் வெறுமையைத் தந்தன. புனிதரைப் பின்பற்றும் எண்ணமோ நீடித்த மகிழ்ச்சி தந்தது. அந்தோனியார் வனத்தில் கண்ட அதே உண்மை! அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலைத் திருத்தந்தை 3ஆம் சின்னப்பர் 1548இல் அங்கீகரித்தார். கோட்டையைச் சுற்றிவந்து மிகப் பலவீனமான சுவரைத் தேடும் தளபதிபோல் பகைவன் நம் பலவீனத்தைத் தேடுகிறான் என்பது அந்நூலின் போதனை. கள்ளக் காதலனைப்போல் அவன் எல்லாவற்றையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறான்; நல்ல ஆன்ம குருவிடம் சொல்லிவிட்டால் அவன் சூழ்ச்சி உடைந்துபோகும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருமை இதுவே. இப்பயிற்சியில் புடமிடப்பட்டவரே, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் முன்னோருக்குத் தமிழில் செபங்கள் கற்பித்த சவேரியார்.

ஒரு கறுப்பு ஏடு

யூபிலி மலரில் பெருமைக்குரியதை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் உண்மையே நம் இடைக்கச்சை என்பதால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை, பசாசோடு உடன்படிக்கை செய்து சூனியம் வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் 40,000 முதல் 60,000 பேர்வரை கொல்லப்பட்டதாக வரலாற்று ஆசிரியர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பலர் ஏழைகள், விதவைகள். கத்தோலிக்க நாடுகளிலும் நடந்தது, பிரிவினை சபையார் நாடுகளிலும் நடந்தது. பயிர் அழிந்தாலும் பசு இறந்தாலும் குழந்தை நோயுற்றாலும் யாரேனும் ஒருத்தியின் பெயர் சொல்லப்பட்டது. சித்திரவதையில் அவள் இன்னும் நான்கு பெயர்களைச் சொன்னாள்.

பசாசை எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டே மக்கள் இதைச் செய்தார்கள் என்பதுதான் வேதனை. அக்காலத்தில் ஜெர்மனியில் வாழ்ந்த இயேசு சபைக் குரு பிரெட்ரிக் ஷ்பே, தீர்ப்பிடப்பட்ட பெண்களுக்கு ஆறுதல் கூறச் சென்று, அவர்களை மரணம்வரை உடனிருந்து பார்த்தார். குற்றவாளி ஒருத்தியைக்கூட அவரால் காண முடியவில்லை. 1631இல் தம் பெயர் போடாமல் ஒரு நூலை வெளியிட்டார். சித்திரவதை செய்தால் எவரும் எதையும் ஒப்புக்கொள்வர். நாமெல்லாரும் சூனியக்காரராய் இன்னும் அறிவிக்கப்படாததற்குக் காரணம் நம்மை இன்னும் வதைக்காததே என்பது அவருடைய வாதம். உயிருக்கு ஆபத்தான துணிச்சல் அது. 1635இல் திரியர் நகரில் கொள்ளைநோய் கண்ட போர்வீரருக்குப் பணிவிடை செய்து, அந்நோயாலேயே இறந்தார். நாளடைவில் அந்தக் கொடுமை ஓய அவருடைய நூலும் உதவியது. அந்த ஊர்களில் பசாசை உண்மையாக எதிர்த்து நின்றவர் அவரே.

பட்டினிச் சிறையில் ஒரு வெற்றி

நம் காலத்திற்கு அண்மையிலும் இத்தகைய வீரர் ஒருவர் உண்டு. போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவி மாக்சிமிலியன் கோல்பே, 1917இல் மாமரியின் பெயரால் ஓர் ஆன்மப் படையைத் தொடங்கியவர். 1941இல் நாசிகள் அவரை அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைத்தார்கள். ஜூலை இறுதியில் கைதி ஒருவர் தப்பியதாகக் கண்டு, பதிலுக்குப் பத்துப் பேரைப் பட்டினிபோட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். கோல்பே வரிசையிலிருந்து முன்வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மை எடுத்துக்கொள்ளக் கேட்டார். அந்த இருட்டறையிலிருந்து சாபக்குரலுக்குப் பதில் செபமும் பாடலும் கேட்டன. இரு வாரங்களுக்குப் பின், ஆகஸ்டு 14ஆம் நாள், நச்சூசி போட்டு அவரைக் கொன்றார்கள். 1982 அக்டோபர் 10ஆம் நாள் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, அவரால் உயிர்பிழைத்த அந்தக் குடும்பத் தலைவரும் அங்கே இருந்தார்!

மனிதரை வெறுக்கச் செய்வதே அந்த முகாமின் நோக்கம். ஒரு துறவியின் இதயத்தை மட்டும் அதனால் பிடிக்க முடியவில்லை.

நம் வீடுகளில்

நான் சிறுவனாயிருந்தபோது என் தங்கைக்கு நாள்கணக்கில் காய்ச்சல் கண்டது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் உறவினர் ஒருவர். முதல்நாள் பலகாரம் கொண்டுவந்து கொடுத்த அடுத்த வீட்டு விதவைத் தாயின் மேல் சந்தேகம் விழுந்தது. மந்திரித்த கயிறும் தாயத்தும் வந்தன. வீட்டிலிருந்த பணம் போயிற்று. உபதேசியார் வந்து என் தகப்பனாரைக் கண்டித்து, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார். டைபாய்டு என்றார்கள், தங்கை பிழைத்தாள். ஆனால் அந்தத் தாயிடம் எங்கள் வீட்டார் பின்னர் பேசவேயில்லை. அவர் கோவிலில் எங்களுக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டு, கடைசித் தூணோரம் போனார். சாகும்வரை அங்கேயே இருந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நாளில் எங்கள் வீட்டுக்குள் பசாசு நுழைந்தது உண்மையே. ஆனால் அது பலகாரத் தட்டில் வரவில்லை. எங்கள் சந்தேகத்தின் வழியாக வந்தது.

பசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை. திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் 1972இலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2018இலும் அது வெறும் கற்பனையன்று என்று நமக்கு நினைவூட்டினார்கள். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1886இல் ஏற்படுத்திய மிக்கேல் அதிதூதர் செபத்தைப் பூசை முடிவில் முழந்தாளிட்டுச் சொன்ன பெரியவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். 1964க்குப் பின் அவ்வழக்கம் நின்றாலும், அச்செபத்தை மறக்க வேண்டாமென்று 1994இல் திருத்தந்தை 2ஆம் ஜான் பால் கேட்டுக்கொண்டார். அதே வேளையில் திருச்சபை மிகுந்த நிதானத்தையும் கடைப்பிடிக்கிறது. எளிதில் ஒருவரைப் பேய் பிடித்தவரென்று நம்பலாகாது என 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூலே எச்சரித்தது. தலத்திருச்சபை ஆயரின் தனி அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கை நடத்தலாகாது என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1172ஆம் விதி. நோயா, வேறா என்பதை முதலில் ஆராய வேண்டும் என்றும் திருச்சபை கற்பிக்கிறது. ஆகவே மன நோய்க்கு மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவன்று. தாயத்தும் குறிசொல்லுதலுமே முதல் கட்டளைக்கு விரோதமானவை.

நமக்குக் கொடுக்கப்பட்ட படைக்கலங்கள் எளியவை. குடும்பச் செபமாலை, ஞாயிறு திருப்பலி, தக்க தயாரிப்போடு பாவசங்கீர்த்தனம், வெள்ளிக்கிழமை ஒறுத்தல், இரவில் படுக்குமுன் ஐந்து நிமிட ஆத்தும சோதனை, ஏழைக்கு ஒரு பிடிச் சோறு. இவற்றுக்குக் காசு கேட்கும் மந்திரவாதி யாருமில்லை.

அன்பார்ந்தவர்களே! இந்த யூபிலி ஆண்டில் நம்மில் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யலாம். நம்மோடு பேசாமல், அல்லது நாம் பேசாமல், கோவிலின் கடைசித் தூணோரம் போய்விட்ட ஒருவர் இருப்பார். அவரிடம் சென்று பேசுவோம். எனக்கு அந்த வாய்ப்புத் தவறிப்போயிற்று. உங்களுக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த பாஸ்கா இரவில் மெழுகுதிரியை ஏந்தி, விட்டுவிடுகிறோம் என்று நாம் சொல்லும்போது, அந்தச் சொல் நம் இதயத்திலிருந்தே எழுவதாக. வனத்து அந்தோனியாரும், அதிதூதரான மிக்கேலும், பாம்பின் தலையை நசுக்கிய நம் அன்னை மரியாளும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக.